காலி இருக்கைக்கு மாறினால் விமானத்துக்கு என்ன ஆகும்?

கேள்வி: பாதி காலியாக இருந்த விமானத்தில் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். கிளம்பும் முன் பணிப்பெண் என்னைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டார். ஒரு ஆள் எடையால் விமானத்துக்கு என்ன ஆகிவிடும்?

பதில்: 180 பேர் போகும் ஜெட்டில் உங்கள் ஒருவரால் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுந்து பின்னால் வந்தால் கணக்கு மாறிவிடும். 19 பேர் மட்டுமே போகும் விமானத்தில் ஒருவர் இடம் மாறுவதே கணக்கில் வரும்.

விமானத்தின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அதுதான் ஈர்ப்பு மையம். அது குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். எடை எவ்வளவு என்பதோடு, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம். அதனால்தான் இறக்கைக்கு அருகே உட்காரும் அதே ஆள், கடைசி வரிசைக்குப் போனால் வாலை அதிகம் அழுத்துவார்.

மையம் முன்னால் போனால் மூக்கு கனக்கும். மேலே எழும்ப ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். பின்னால் போவதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் நிலை. மூக்கு தானாகவே மேலே தூக்கும். அதை இறக்க முடியாமல் போனால் வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் இதுதான் நடந்தது. பீச்கிராஃப்ட் 1900டி விமானம் கிளம்பிய உடனே மூக்கை உயர்த்தி, விழுந்தது. 21 பேரும் இறந்தார்கள். பராமரிப்பின்போது வாலில் உள்ள எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பலகை) கேபிளைத் தவறாகச் சரிசெய்திருந்ததால், மூக்கைக் கீழே இறக்கும் திறன் குறைந்திருந்தது. அதே கோளாறோடு அதற்கு முன் பலமுறை பறந்தும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அப்போது முழுச் சுமை இல்லை. அன்றைக்கோ எடை வரம்பைத் தாண்டியிருந்தது, மையமும் பின்னால் போயிருந்தது. பயணிகளுக்குக் கணக்கில் வைத்திருந்த சராசரி எடை உண்மையைவிடக் குறைவு என்பதால் காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு அங்கே சராசரி எடைகளை உயர்த்தினார்கள்.

எடை மட்டும் கூடினாலும் ஆபத்துதான். 10 சதவீதம் கூடினால், கிளம்பத் தேவையான தூரம் 20 சதவீதத்துக்கு மேல் கூடும்.

சரி, மேலே போன பிறகு மட்டும் எப்படி மாறலாம்? கிளம்பும்போது வால் பகுதியின் கோணத்தைச் சுமைக் கணக்கின்படி முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். மேலே போனபின் அதைத் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ள நேரமும் உயரமும் இருக்கும். அதனால் சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் பணிப்பெண்ணிடம் கேட்டுவிட்டு மாறுங்கள். இறங்கும் முன் பழைய இடத்துக்கு வரச் சொன்னால் வந்துவிடுங்கள். அப்புறம், சிறிய விமானத்தில் உங்கள் எடையையோ பையின் எடையையோ கேட்டால், கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.