பெண்ணையாற்று முகத்துவாரத்திலிருந்து காவிரி முகத்துவாரம் வரை: இருவருக்கான ஐந்து நாள் கடலோரப் பயணம்

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் இல்லாமல் நாங்கள் இருவர் மட்டும் காரில் வெளியூர் போனதே இல்லை. பொங்கல் முடிந்து, மரத்துக்கு அடுத்த மருந்தடிப்பு வருவதற்குள் ஐந்து நாள் கிடைக்கும். பழைய கோட்டை, பழைய துறைமுகம் என்றால் இருவருக்கும் பிடிக்கும். மாமல்லபுரத்தில் தொடங்கிக் கடலோரமாகவே ராமேஸ்வரம் வரை போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் ஒருவர்தான் ஓட்டுவார். இருட்டினால் ஓட்ட மாட்டார். முடியுமா?

பதில்: முடியும். ஆனால் ஐந்து நாளும் கார் கண்ணாடி வழியாகத்தான் கடலைப் பார்ப்பீர்கள். போக வர ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஒருவரே ஓட்டி, ஆறு மணிக்குள் அறை சேர வேண்டும் என்றால், ஒவ்வோர் ஊரிலும் டீ குடிக்கத்தான் நேரம் இருக்கும்.

அதனால் இரண்டு முனைகளையும் வெட்டிவிடுங்கள். மாமல்லபுரத்துக்கு வேலூர், காஞ்சிபுரம் வழியாக இன்னொரு முறை தனியாகப் போகலாம். காஞ்சியையும் சேர்த்துப் பார்ப்பதுதான் அதற்குப் பொருத்தமும்கூட. ராமேஸ்வரம் நாகப்பட்டினத்திலிருந்தே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வீட்டுக்காரர் முறைத்தால் பழியை என் மேல் போடுங்கள்.

நடுவில் மிஞ்சுவது உங்களுக்கென்றே அமைந்த பகுதி. உங்கள் ஊரைத் தொட்டு ஓடும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் சேர்கிறது. ஒகேனக்கல்லில் விழுகிற காவிரி பூம்புகாரில் சேர்கிறது. நம் பக்கத்து ஆறுகளின் இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் இடையே சாலை வழியாக நூறு கிலோமீட்டர்கூட இல்லை. கொஞ்சம் வடக்கே பாண்டிச்சேரி, கொஞ்சம் தெற்கே தரங்கம்பாடி, நாகூர் என்று நீட்டிக்கொண்டால் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என எல்லோரும் கால் வைத்த கரை முழுவதும் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்புங்கள். காரணம் இருக்கிறது. சனி, ஞாயிறில் பாண்டிச்சேரி அறை வாடகை ஏறிவிடும், வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கூட்டம் ஊர் திரும்பத் தொடங்கும். நீங்கள் உள்ளே நுழையலாம். இன்னொன்று, தரங்கம்பாடிக் கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு கிளம்பி வியாழன் திரும்பினால் அந்தச் சிக்கல் இல்லை. தேதி குறிக்கும் முன் பௌர்ணமி எப்போது என்று மட்டும் காலண்டரில் பாருங்கள். உங்கள் வழி திருவண்ணாமலை. கிரிவலக் கூட்டத்தில் மாட்டினால் மூன்று மணி நேரம் போனாலும் கேட்பாரில்லை.

வழி: போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். சாப்பாட்டு நேரம் சேர்த்து மதியம் மூன்று மணிக்குள் பாண்டிச்சேரி. விடியும் முன்னே கிளம்ப வேண்டாம், தை மாதப் பனிமூட்டம் ஊத்தங்கரை வரைக்கும் இருக்கும்.

செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை மலை ஏறுகிற ஆசை வரும். ஓட்டுகிற நாளில் வேண்டாம், முழங்கால் மறுநாள் பதில் சொல்லும். கீழேயே கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் செஞ்சியைப் பார்க்காமல் போய்விடாதீர்கள், கடலூர்க் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1690-இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியர்தான் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம் வரை. ஆங்கிலேயர் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகக் கொண்டுவந்து நாலாபுறமும் சுட்டு, குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்களை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர்.

பாண்டிச்சேரியில் ஓர் இரவு போதும். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். காரை விடுதியிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். அங்கே மஞ்சள் சுவர் வீடுகளைப் பார்த்து எல்லாம் முதல் பிரெஞ்சுக்காரர் காலத்தவை என்று நினைத்துவிடக் கூடாது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நிற்பவை பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. கால்வாய்க்கு மேற்கே, கூட்டம் குறைந்த தமிழ்ப் பகுதிக்கும் போங்கள். வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாகப் புதுப்பித்த வீடுகள் இருக்கின்றன. எனக்கு அதுதான் பிடித்த பக்கம்.

திங்கள் காலை அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடி ஓடுகள் கிடைத்த இடம். இன்று அங்கே நிற்கும் செங்கல் சுவர்கள் ரோமானியர் காலத்தவை அல்ல, பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் வீட்டின் மிச்சம். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆற்றையும் கழியையும் பார்த்து, கப்பல் ஏன் இங்கே ஒதுங்கியது என்று யோசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த இடம். உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கடலூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். பெண்ணையாற்றுப் பாலத்தில் காரை நிறுத்த வேண்டாம், தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். தேவனாம்பட்டினக் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து இடித்துவிட்டதால் மிச்சம் குறைவு. அரை மணி நேரம் போதும்.

பரங்கிப்பேட்டைக்குப் பி.முட்லூரில் பிரிய வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் இந்த ஊரைத் தாண்டிப் போகவே கூடாது. 1767-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய செங்கத்தைத் தாண்டித்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அதே ஹைதரை 1781 ஜூலை 1 அன்று ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை தோற்கடித்தது பரங்கிப்பேட்டை அருகே. அந்தச் சண்டைகளின் முடிவில், ஹைதரின் மகன் திப்பு கையெழுத்திட்ட 1792 உடன்படிக்கையில், கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போனது. போர்க்களம் என்று காட்ட இப்போது அங்கே எதுவும் கிடையாது. பழைய மரைக்காயர் வீதிகளில் ஒரு சுற்று நடந்துவிட்டு, வெள்ளாற்று முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மதியச் சாப்பாடு சிதம்பரத்தில்; கத்திரிக்காய் கொத்சு கிடைத்தால் விடாதீர்கள். பிச்சாவரத்தையும் சேர்க்கலாமா என்று தோன்றும். சேர்த்தால் இருட்டிவிடும். விடுங்கள்.

திங்கள் மாலைக்குள் தரங்கம்பாடி. அங்கே மூன்று இரவு தங்குங்கள், பெட்டியைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. ஊருக்குள் நல்ல அறைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், பொங்கலுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் காரைக்கால் பதினைந்து கிலோமீட்டருக்குள்.

ஏன் மூன்று இரவு? இந்தக் கரையில் ஒரு பழைய துறைமுக ஊர் ஊராகவே நிற்பது இங்கேதான். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர் கட்டிய கோட்டை, நகர வாயில், அதிலிருந்து நேரே கடலுக்குப் போகும் ராஜா வீதி எல்லாமே நடக்கும் தூரத்தில். 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு இங்கே அச்சுக்கூடம் வைத்து 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவரது கல்லறை இருக்கிறது. 1845-இல் டேனிஷ்காரர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ரயிலும் பெரிய துறைமுகமும் வேறு பக்கம் வளர, இந்த ஊரை இடித்துக் கட்ட யாருக்கும் தேவை வரவில்லை. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலைத்தான் கடல் பாதி தின்றுவிட்டது. செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கோட்டைப் பக்கம் போங்கள். வெயிலும் இல்லை, பஸ்ஸில் வரும் பள்ளிச் சுற்றுலாவும் இல்லை. அருங்காட்சியகம் திறக்கும்போது மறுபடி வந்தால் போதும்.

செவ்வாய் மதியம் பூம்புகார். கீழையூரில் செங்கல் படகுத்துறை, பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரையின் அடித்தளம் என்று அகழாய்வில் கிடைத்த இடங்களைக் கடற்கரைக்குப் போகும் முன்பே பாருங்கள், கடலைப் பார்த்த பிறகு யாரும் திரும்பி வருவதில்லை. காவிரி சேரும் இடத்தில் குளிக்க இறங்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

புதன் காரைக்கால் அம்மையார் கோயில், நாகூர் தர்கா. தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பியது. அதில் கடைசியாக நின்ற கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். அங்கே கிடைத்த புத்தர் படிமங்களைப் பார்க்கச் சென்னை எழும்பூருக்குத்தான் போக வேண்டும். அதனால் நாகூரோடு திரும்பிவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. காரைக்காலில் பெட்ரோல் விலை நம் பக்கத்தைவிடக் குறைவு, தாராளமாக டேங்கை நிரப்புங்கள். மது பாட்டில் எதையும் மட்டும் வண்டியில் வைக்காதீர்கள், எல்லைச் சோதனைச் சாவடியில் வழக்காகிவிடும். அடுத்து, அது சம்பா அறுவடை நேரம். உட்சாலைகளில் அறுவடை இயந்திரம் எதிரே வரும், பாதிச் சாலையில் நெல் காயும். வைக்கோல் மேல் காரை ஏற்றி நிறுத்தாதீர்கள், சூடான அடிப்பாகத்தில் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. சாப்பாட்டுக்குக் கவலையில்லை, மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல்தான் தொடங்கும். களி மட்டும் எங்கும் கிடைக்காது, அதற்கு வீட்டுக்காரரைத் தயார் செய்துவிடுங்கள்.

வியாழன் காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். திருச்சி, சேலம் வழி அகலமான சாலைதான்; ஆனால் சுற்று, கடைசியில் தொப்பூர் மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து இருட்டில் வீடு சேர்வீர்கள். சிதம்பரம், வடலூர், பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியே வந்தால் சாலை குறுகல், தூரம் ஏறக்குறைய முந்நூறு. நான் இதையே சொல்வேன். மதியம் திருக்கோவிலூரில் பெண்ணைக் கரையில் ஒரு மணி நேரம் கட்டாயம் காரை நிறுத்தி அவரைக் காலை நீட்டச் சொல்லுங்கள். மறுநாள் காலை தோப்புக்குப் போகும் முன் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, அடிப்பாகத்தையும் சக்கர உள்பக்கத்தையும் கழுவச் சொல்லுங்கள். உப்புக்காற்று படிந்த வண்டியை ஒரு வாரம் போட்டுவைத்தால் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.