முடக்கு வாதம் இருந்தால் மாரடைப்பும் வரும் என்கிறார்களே, உண்மையா?

வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் அமைப்பான யூலார், வழக்கமான இதய அபாயக் கணக்கில் வருவதை 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. அடுத்த 10 வருடத்துக்கு 10 சதவீதம் என்று வந்தால், முடக்கு வாதக்காரருக்கு அது 15.

நான் மருத்துவர் இல்லை. சென்னை தண்டையார்பேட்டையில் வீடு, அம்மாவுக்குப் பல வருடமாகச் சரவாங்கி, அதாவது மூட்டுகளை வீங்க வைக்கும் இந்த முடக்கு வாதம். அவரோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

விரல் மூட்டை வீங்க வைக்கும் அதே அழற்சி ரத்தக் குழாயின் உட்சுவரையும் விட்டுவைப்பதில்லை. அங்கே கொழுப்பு சீக்கிரம் படிகிறது, படிந்தது சுலபமாக வெடிக்கவும் செய்கிறது. இதில் பலரும் ஏமாறும் இடம் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட். நோய் உச்சத்தில் இருக்கும்போது அழற்சியே எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பின் அளவைக் குறைத்துக் காட்டும். அம்மாவுக்கு அப்போது எல்லாம் நார்மல். முடக்கு வாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஆரம்பித்து, வீக்கம் வடிந்து, காலையில் தானே ஜடை பின்னுகிற அளவுக்குக் கை தேறியபோது கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது. "இந்த மாத்திரைதான் கொழுப்பை ஏத்துது, நிறுத்திடு"ன்னு சொல்லப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள். மருத்துவர் நிறுத்தவில்லை. அழற்சி அடங்கியதால் உண்மையான அளவு வெளியே வந்திருக்கிறது என்று விளக்கி, கொலஸ்ட்ராலுக்குத் தனியாக மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது, நம்ம பக்கத்து மெடிக்கல் ஷாப் 'செட்டு'. வலி என்றதும் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்களே, பெயர் போடாத கலர் கலர் மாத்திரைகள். பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, சில கடைகளில் குட்டியாக ஒரு ஸ்டீராய்டு. சாயங்காலமே எழுந்து மீன் குழம்பு வைக்கலாம், அவ்வளவு சுகம். ஆனால் அந்த வலி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் பி.பி. ஏறும், மாரடைப்பு அபாயமும் கூடும். ஸ்டீராய்டு சர்க்கரையையும் சேர்த்து ஏற்றும். மூட்டு அரிப்பதை வலி மாத்திரை நிறுத்துவதும் இல்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே உள்ள ஜி.எச்.சில், அதாவது அரசு பொது மருத்துவமனையில், வாத நோய்க்குத் தனித் துறையே இருக்கிறது, இங்கிருந்து ஒரு பஸ் தூரம். அங்கே போகும்போது மூட்டைக் காட்டுவதோடு பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. புகை பிடிப்பவர் என்றால் அதை விடுவதுதான் முதல் மருந்து, மூட்டுக்கும் சேர்த்துத்தான். காசிமேட்டுக் கருவாட்டை அடியோடு விடு என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது, பி.பி.க்காக எப்போதாவது என்று ஆக்கியிருக்கிறோம்.

இன்னொன்று. முடக்கு வாதக்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமலும் வரலாம். மாடி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்குவது, காரணமில்லாத வியர்வை, தாடை வலி, திடீர் அசதி இவற்றையெல்லாம் "வாதம்தானே" என்று தள்ளிப்போடாமல் உடனே போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். எங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, ராத்திரியிலும் அவசரப் பிரிவு உண்டு.