முற்றத்துப் பலாவில் ஒரு பெஞ்ச்

அன்புள்ள ஐயா,

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பலாமரம் சாய்ந்துவிட்டது. மில்லுக்கு ஏற்றிப்போக வண்டி உள்ளே வர வழியில்லை. செயின்சாவில் சட்டம் மாட்டி நானே இரண்டங்குலப் பலகைகளாக அறுத்தேன். தோட்டத்தில் போட நீளமாக ஒரு பெஞ்ச் செய்ய ஆசை. பலகைகளைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். முனைகளில் வெடிப்பு விடுகிறது. ஆசாரியோ, "பலா வெளியில் தாங்காது, வித்துட்டுத் தேக்கு வாங்குங்க" என்கிறார். உடனே வேலையைத் தொடங்கலாமா? வார்னிஷ் அடித்தால் போதுமா?

ம., கீரமங்கலம்

அன்புள்ள ம.,

விற்காதீர்கள். வீணையும் மிருதங்கமும் செய்கிற மரம் அது.

ஆசாரி சொல்வது பாதி சரி. பட்டையை ஒட்டி வெளுப்பாக இருக்கும் பகுதி தாங்காது. அதில் மாவுச்சத்து இருக்கிறது. வண்டு அதைத் தேடித்தான் துளைக்கும், அப்புறம் தூளாகக் கொட்டும். உள்ளே மஞ்சளாக இருக்கும் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தைக் கரையான் அவ்வளவு எளிதில் தொடாது. வெள்ளையைத் தயங்காமல் அறுத்துத் தள்ளுங்கள், பலகையின் அகலம் குறைந்தால் குறையட்டும். மர வளையங்களின் நட்டநடு மையம் ஓடுகிற பலகையையும் பெஞ்சுக்கு எடுக்க வேண்டாம், அது எப்படியும் பிளக்கும்.

சுவரில் சாத்தியதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரம் பலகையின் முகத்தைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும், வெடிப்பு அங்கே தொடங்குவது அதனால்தான். வீட்டில் மிச்சமிருக்கும் பெயின்டை முனைகளில் தடிமனாகப் பூசுங்கள். நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் செங்கல் அடுக்கி, பலகைகளைப் படுக்கையாக வையுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம், ஓரங்குலக் கனத்தில். மேலே உள்ள சட்டம் கீழே உள்ளதற்கு நேராகவே வர வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் பலகை அந்த இடத்தில் வளைந்து காயும், பிறகு இழைப்புளி போட்டும் நிமிராது. உச்சியில் கல்லை ஏற்றி, மேலே தகரம் போடுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தார்ப்பாய் சுற்றினால் பூஞ்சைதான் பிடிக்கும்.

அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்று சொல்லும் கணக்கு குளிர் நாடுகளுடையது. நம் வெயிலுக்கும் காற்றுக்கும் அவ்வளவு ஆகாது. நாள் எண்ணுவதைவிட எடை போடுவது நல்லது. ஒரு பலகையை மாதம் ஒருமுறை தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எடை இறங்குவது நின்றால் வேலையைத் தொடங்கலாம். வெளியில் போடும் பெஞ்சுக்கு மரம் அதற்கு மேல் காய வேண்டியதில்லை. எப்படியும் அது அடைமழையில் உப்பும், அக்கினி நட்சத்திரத்தில் சுருங்கும்.

அந்த உப்பலுக்கு இடம் விட்டுச் செய்வதில்தான் வெளிப் பெஞ்சின் ஆயுள் இருக்கிறது. மரம் நீளவாட்டில் அநேகமாக அசையாது, அகலவாட்டில்தான் அசையும். ஒன்றரை அடி அகலப் பலகை ஒன்றையே இருக்கையாகப் போட எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் அது பார்க்கப் பிடிக்கும், ஆனால் அந்த அகலத்தை இறுக்கிப் பூட்டினால் பிளந்துவிடும். மூன்று நான்கு அங்குலச் சட்டங்களாக்கி, இடையில் கால் அங்குலம் விடுங்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் அந்த வழியாக இறங்கிவிடும். கால்களைத் துளை போட்டுக் கழுந்து (துளைக்குள் பொருந்தும்படி செதுக்கிய முனை) செருகி, மூங்கில் ஆணி அடித்துப் பூட்டச் சொல்லுங்கள். உங்கள் ஆசாரிக்கு இது கைவந்த வேலையாகவே இருக்கும். ஸ்குரு போட்டே ஆக வேண்டுமென்றால் எவர்சில்வர் ஸ்குரு. சாதா இரும்பு துருப்பிடித்து மரத்தையும் கறுக்க வைக்கும். காலின் அடிமுனை ஈரத்தை உறிஞ்சும், ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கருங்கல் துண்டு கொடுங்கள்.

வார்னிஷ் வேண்டாம். வெயிலில் அதன் படலம் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த தண்ணீர் வெளியே வர முடியாமல் உள்ளேயே கிடந்து மரத்தை இற்றுப்போகச் செய்யும். தை பிறந்து மரம் நன்றாகக் காய்ந்ததும், வருஷத்துக்கு ஒருமுறை லின்சீடு ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) துணியில் தொட்டுத் தேயுங்கள். மஞ்சள் பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறத்துக்கு வரும். அது மேற்பரப்பில் மட்டும்தான், பயப்பட வேண்டாம். ஆனால் எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் எறியுங்கள்.