முதல் மூடை ஆலயத்துக்கு, கூலி எப்போது?

கேள்வி: எனக்கு 61 வயது. மட்டக்களப்பு நகரில் குடியிருக்கிறேன், படுவான்கரையில் ஒன்பது ஏக்கர் வயல் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் விடிய நாலரைக்கு எழும்பி வேதம் வாசிக்கிறேன். புதன்கிழமை வீட்டில் ஜெபக்கூட்டம், வெள்ளிக்கிழமை உபவாசம். இந்த முறை பெரும்போகத்தில் முதல் இரண்டு மூடையை அறுப்பின் பண்டிகைக்குக் கொடுத்தேன். ஆனாலும் வாசிப்பது ஒரு பக்கம், வாழ்வது ஒரு பக்கமாகவே போகிறது. நெல் விலை சரியில்லாததால் மூடைகள் இன்னும் வீட்டில் கிடக்கின்றன, வயலில் நின்ற எட்டுப் பேருக்கும் காசு கொடுத்து முடியவில்லை, அந்தக் கவலை வேறு. வேதவசனத்தை அன்றாட வாழ்க்கையில் நடைமுறைப்படுத்த எங்கிருந்து தொடங்குவது? நல்ல வாசிப்பு முறை ஏதாவது சொல்வீர்களா?
(பெயர் வேண்டாம், மட்டக்களப்பு)

பதில்: அண்ணன், உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதம் நாலு பக்கம். அதில் வாசிப்புக்கு ஒரு பக்கம், உபவாசத்துக்கு ஒரு பக்கம், ஜெபக்கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஒரு பக்கம், மிச்சத்தில் பிள்ளைகள், வீட்டுக் கூரை, நெல் விலை, இவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரியில் அந்த எட்டுப் பேர். நீங்கள் கேட்டதற்குப் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அவர்களுடைய காசைக் கொடுங்கள். இந்தக் கிழமையே கொடுங்கள்.

கோபிக்க வேண்டாம். யாக்கோபு நிருபத்தை எடுத்துப் பாருங்கள், ஐந்து அதிகாரம், 108 வசனம், கால் மணித்தியாலத்தில் வாசித்துவிடலாம். கேட்கிறவர்களாக மட்டும் இராமல் செய்கிறவர்களாகவும் இருங்கள் என்று முதலாம் அதிகாரத்தில் வருகிறதே, அதை அட்டையில் அழகாக எழுதிச் சுவரில் மாட்டிய வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் நாலாம் வசனத்தை மாட்டிய வீடு ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை. உங்கள் வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களின் சத்தம் கர்த்தருடைய காதுக்குப் போய்விட்டது என்கிறது அந்த வசனம். செய்கிறவர்களாக இருங்கள் என்று சொன்ன அதே ஆள், எதைச் செய்ய வேண்டும் என்று வயலையும் கூலியையும் பேர் சொல்லியே காட்டிவிட்டார். இதற்குப் பிறகும் நாம் வாசிப்பு முறை தேடிக்கொண்டிருந்தால் எப்படி?

நான் யாரையும் ஏமாற்றவில்லை, கொஞ்சம் பிந்துகிறது அவ்வளவுதான் என்பீர்கள். சரி. பிந்துவதைப் பற்றியும் வேதத்தில் இருக்கிறது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். ஒன்பதாம், பத்தாம் வசனங்கள், வயலை அறுக்கும்போது ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்கின்றன. பதின்மூன்றாம் வசனம், கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது. பதினெட்டாம் வசனம் உங்களுக்கு மனப்பாடம், உன்னைப்போலப் பிறனையும் நேசி. பிரதான கற்பனை எது என்று கேட்டவனுக்கு இயேசு எடுத்துச் சொன்ன அதே வசனம். அது கூலிக் கணக்குக்கு ஐந்து வசனம் தள்ளித்தான் நிற்கிறது, அண்ணன். நாம் பதினெட்டை மட்டும் வெட்டி எடுத்துப் பிரசங்கம் செய்து, பாட்டாகப் பாடி, பதின்மூன்றை அங்கேயே விட்டுவிட்டோம்.

உபாகமம் 24இல் (கத்தோலிக்கர் இணைச்சட்டம் என்பார்கள்) இன்னும் நெருக்கிப் பிடிக்கிறது. பொழுது படுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்று காரணமும் சொல்லி, அவன் உன் சகோதரனானாலும் சரி, உன் ஊரில் வந்து தங்கியிருக்கிற அந்நியனானாலும் சரி என்று எல்லாருக்கும் சேர்த்துப் பொதுவாக வைத்துவிடுகிறது. உங்கள் ஆட்களில் சிலர் விசுவாசிகள் இல்லை என்று அடைப்புக்குள் எழுதியிருந்தீர்கள். அதை ஏன் எழுதினீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை, கூலிக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

நெல் விலைக்கு வருவோம், அதுவும் உண்மையான கஷ்டம்தான். 2025 பெப்ரவரியில் அரசு 'நாடு' ரக நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அறிவித்தது, ஆனால் அந்த மாதிரி விலைக்குக் கொடுக்க ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், அதற்குக் காயவைக்க இடம் வேண்டும், வெயில் வேண்டும், வயலடியில் ஈரத்தோடு வாங்க வருகிற வியாபாரி குறைத்துத்தான் கேட்பார். காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலை ஏறினால் அந்த எட்டுப் பேருக்கும் கூலியைக் கூட்டிக் கொடுப்பதாக எண்ணம் இருக்கிறதா? இல்லைதானே? லாபம் வந்தால் உங்களுக்கு மட்டும் என்றால் காத்திருப்பும் உங்களுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, வெட்டுமெசினுக்கு வயலில் வைத்தே காசு எண்ணிக் கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெசின்காரருக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த போகத்துக்கு அவர் வரமாட்டார். வரம்பு கட்டினவரும் புல் பிடுங்கின அக்காமாரும் வருவார்கள், வேறு வழியில்லை அவர்களுக்கு. அவர்களுடைய முறை கடைசிக்குப் போனது இப்படித்தான்.

எல்லா நெல்லையும் விற்கச் சொல்லவில்லை. எட்டுப் பேரின் கணக்கைக் கூட்டிப் பாருங்கள், அதற்கு எத்தனை மூடை வேண்டுமோ அத்தனையை மட்டும் இன்றைய விலைக்குக் கொடுத்துவிடுங்கள். நட்டம் வரும். அந்த நட்டம்தான் நீங்கள் கேட்ட நடைமுறை.

இரண்டு மூன்று கிழமை பிந்தினால் என்ன ஆகும் என்று படுவான்கரைக்குப் போகிற வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், நகரில் இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பக்கம் கிழமைக் கடன், அதாவது கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடன் இருக்கிற வீடுகள் நிறைய. கடன் அறவிட வருகிறவர் நெல் விலை ஏறும்வரை பொறுக்கமாட்டார், புல் பிடுங்கின அந்த அக்கா ஒரு கடனைக் கட்ட இன்னொரு இடத்தில் எடுப்பா, பிறகு காதுத் தோடு அடகுக்குப் போகும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசே இறங்க வேண்டி வந்தது, அதில் நமது மாவட்டமும் ஒன்று. உங்கள் வீட்டில் கிடக்கிற மூடைக்குள் அவர்களுடைய வட்டியும் சேர்ந்தே கிடக்கிறது.

என்னுடைய அப்பாவும் வயற்கூலிக்குப் போனவர். ஒரு சனிக்கிழமை பின்னேரம் வயற்காரர் வீட்டு வாசலில் அவரோடு நானும் நின்றேன், எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். உள்ளே ஜெபம் நடந்தது, பாட்டு நன்றாக இருந்தது, நானும் வாய்க்குள் பாடினேன். முடிந்ததும் அந்த வீட்டு ஐயா வெளியே வந்து, மிகவும் அன்பாகவே, "வாற கிழமை பார்ப்பம் தம்பி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எனக்கு இரண்டு பிஸ்கட் தந்தார். கடைக்காரரின் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு அப்பா என்னை வேறு ஒழுங்கையால் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார். வேளாண்மை வெட்டின மனிதர், வீட்டில் அரிசி இல்லை. அந்த ஐயாவைக் கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவருக்கு அது தெரியவே இல்லை. உங்களுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஆலயத்துக்குக் கொடுத்த இரண்டு மூடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொடுத்தது பிழை என்று சொல்லவில்லை. ஆனால் மத்தேயு 5இல், காணிக்கை கொண்டுவந்த இடத்தில் உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாலேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இருக்கிறது. போன பிறகுதான் காணிக்கை. உபவாசத்துக்கும் ஏசாயா 58 இதையே சொல்கிறது, வேலையாட்களை வருத்திக்கொண்டு இருக்கிற உபவாசம் தனக்கு வேண்டாம் என்கிறார் ஆண்டவர். இதை ஆலயச் சபைக் குழுக்களில் இருக்கிறவர்களும் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆலயத்தைக் கூட்டித் துடைக்கிற அம்மாவுக்கு மாதம் எத்தனையாம் திகதி சம்பளம் போகிறது? போன மாதம் போனதா?

வாசிப்பு முறை கேட்டீர்கள். நாலரைக்கு எழும்புவது நல்லது, விடவேண்டாம். அடுத்த ஒரு மாதத்துக்கு லேவியராகமம் 19, உபாகமம் 24, யாக்கோபு, ரூத் இவ்வளவும் போதும். ரூத்தை வாசிக்கும்போது போவாஸ் தன் வேலையாட்களிடம் என்ன சொல்லி வைத்தார் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண் பொறுக்கும்போது அதட்டாதீர்கள், அரிக்கட்டிலிருந்தும் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுவிடுங்கள் என்கிறார். மெசின் வந்த பிறகு வயலில் பொறுக்க அவ்வளவு மிஞ்சுவதில்லை, ஆனால் மூலையில் மெசின் திரும்பாத இடம் இருக்கும், அதை யாருக்கு விடுவது என்று அடுத்த போகத்தில் நீங்கள் முடிவெடுக்கலாம்.

காசு கொடுக்கிற நாளைக்கு நீங்களே போய்க் கொடுங்கள், ஆள் விட்டு அனுப்ப வேண்டாம். காசோடு துண்டுப்பிரசுரம் கொடுக்கவோ ஜெபக்கூட்டத்துக்கு அழைக்கவோ வேண்டாம், அவர் மாமாங்கக் கோயிலுக்குப் போகிறவராக இருக்கலாம், பள்ளிவாசலுக்குப் போகிறவராக இருக்கலாம், அன்றைக்கு அவருக்கு வரவேண்டியது அவருடைய கூலி. பிந்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள், முடிந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். கடிதத்தில் ஆறு பேரின் பெயர்தான் எழுதியிருந்தீர்கள், மற்றவர்களை மூடை ஏற்றின இரண்டு பொடியன்கள் என்று விட்டிருந்தீர்கள். அவர்களுடைய பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள், சிறுபோகத்துக்கு அவர்களைத்தான் திரும்பக் கூப்பிடப் போகிறீர்கள்.