ஆழ்மூளைக் கட்டிகளும் அறுவை சிகிச்சையும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்குத் தாலமஸில் கட்டி. முழுவதும் எடுக்காமல் பயாப்ஸி மட்டும் செய்யலாம் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?

பதில்: இல்லை. மூளையின் ஆழத்தில், நடுவே உள்ள தாலமஸை இன்று எட்டிவிட முடியும். ஆனால் அதை ஒட்டியே கை கால்களை இயக்கும் நரம்பிழைகள் நெருக்கமாக இறங்குவதால், கட்டியை முழுவதும் எடுக்க முயன்றால் ஒரு பக்கம் செயலிழக்கக்கூடும். அதனால் பயாப்ஸியில், தலையில் சட்டம் பொருத்தி, ஸ்கேன் படத்தைக் கொண்டு இலக்கைக் கணக்கிட்டு, சிறு துளை வழியாக ஊசியைச் செலுத்திச் சில மில்லிமீட்டர் திசுவை எடுப்பார்கள். சட்டம் பொருத்தி இலக்கை அடையும் இந்த உத்தியைச் சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியின் குழுவினர் 1960-களிலேயே வேறு நோய்களுக்குக் கையாண்டனர். கட்டியின் வகையையும் மரபணு மாற்றத்தையும் அத்திசுவே சொல்லும்; கதிர்வீச்சா, மருந்தா என்பது அதன் பிறகே முடிவாகும். இரத்தக் கசிவு அபாயம் குறைவே, ஆனாலும் உண்டு.

கேள்வி: மூன்றாவது வென்ட்ரிக்கிளில் கொலாய்டு சிஸ்ட் என்று ரிப்போர்ட் வந்துள்ளது. தலைவலி மட்டும்தான். உடனே ஆபரேஷன் தேவையா?

பதில்: வென்ட்ரிக்கிள் என்பது மூளைத் திரவம் நிறைந்த அறை. அதில் வரும் இக்கட்டி புற்றுநோய் அல்ல, ஆபத்து அது அமர்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. மூளைத் திரவம் வெளியேறும் மன்ரோ துளையின் வாயிலிலேயே கூழ் நிறைந்த இக்கட்டி இருப்பதால், திடீரென வழியடைத்து, திரவம் தேங்கி, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அளவை மட்டும் பார்க்காமல், வென்ட்ரிக்கிள்கள் விரிந்துள்ளனவா என்று கேளுங்கள். விரிந்திருந்தால் தள்ளிப்போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். சிறிதாக, அறிகுறியின்றி இருந்தால் ஸ்கேனில் கண்காணிக்கலாம்.

1921-இல் அமெரிக்காவின் வால்டர் டேண்டி இதை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியபோது மண்டையோட்டைப் பெரிதாகத் திறக்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் நெற்றிக்கு மேல், வலப்புறம் ஒரு துளையிட்டு, கேமரா பொருத்திய மெல்லிய குழாயான எண்டோஸ்கோப்பை உள்ளே செலுத்தி, கூழை உறிஞ்சியெடுத்து, உறையைச் சுருக்கிப் பிரித்தெடுக்கிறார்கள். உறை ஒட்டிக்கொண்டிருந்தால் சிறிது விட்டுவைப்பதும் உண்டு, ஏனெனில் பக்கத்திலேயே செல்லும் ஃபார்னிக்ஸ் என்ற நரம்புக்கற்றையைக் காயப்படுத்தினால் புதிய நினைவுகள் பதியாமல் போகலாம். நுண்ணோக்கி கொண்டு திறந்து செய்யும் முறையில் மிச்சம் குறைவு. எண்டோஸ்கோப்பில் உடல் விரைவில் தேறும். தலைவலியோடு வாந்தியும் மயக்கமான தூக்கமும் சேர்ந்தால், காலைவரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு 14 வயது, பீனியல் பகுதியில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு முன் இரத்தப் பரிசோதனை எதற்கு?

பதில்: ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற குறியீடுகளுக்காக; சில கட்டிகள் இரத்தத்தில் விடும் இப்பொருள்கள் கட்டியின் வகையை அறிய உதவும். மூளையின் நடு ஆழத்திலுள்ள பீனியல் சுரப்பிப் பகுதியில் இவ்வயதுப் பையன்களுக்கு வரும் ஜெர்மினோமா என்ற கட்டி, கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் நன்றாகவே கரையும்; அதை வெட்டியெடுக்கப் பெரிய அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது.

கேள்வி: காமா நைஃப் இருக்கும்போது ஏன் தலையைத் திறக்க வேண்டும்?

பதில்: ஏறத்தாழ 3 செ.மீ.க்குள் உள்ள, தெளிவான விளிம்புடைய கட்டிகளுக்கு, தலையைத் திறக்காமல் கதிர்வீச்சைக் குவிக்கும் காமா நைஃப் சிறந்த வழி. ஆனால் பலன் தெரிய மாதங்களாகும். தேங்கிய திரவத்தின் அழுத்தத்தை அது உடனே குறைக்காது. பரிசோதனைக்குத் திசுவும் தராது.

கேள்வி: விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை செய்வார்களாமே, வலிக்காதா?

பதில்: மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்கும் மூளையுறைக்கும் தெரியும் என்பதால் அங்கே மரத்துப்போகும் ஊசி போடுவார்கள்; நோயாளியைப் பேசச் சொல்லிக்கொண்டே, சொல் தடுமாறும் இடத்தில் கருவியை நிறுத்துவார்கள்.