பஃபரைக் கூட்டினால் பேக்கப் வேகமாகுமா?

நெட்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருளில் பஃபர் (டேட்டாவை இடையில் தேக்கிவைக்கும் மெமரி) எண்ணிக்கையை 32இலிருந்து 256 ஆக்கினேன். எழுதுவது எல்டிஓ-5 வகை காந்த நாடாவில் (டேப்). இரவு பேக்கப் ஐந்து நிமிடம்கூடக் குறையவில்லை. ஏன்? (ஹட்டன்)

தேயிலைக் கொழுந்து வாடப்போடும் தட்டை நீளமாக்கினால் மலையிலிருந்து கொழுந்து கூடுதலாக வந்துவிடுமா? பஃபரும் அப்படித்தான். வரத்து ஏறி இறங்கும்போது சமாளிக்கும், வரத்தைப் பெருக்காது.

முதலில் பிபிடிஎம் (நெட்பேக்கப்பில் டேப்பில் எழுதும் புரோகிராம்) லாக்கைப் பாருங்கள். நிறைந்த பஃபருக்காகக் காத்திருந்த தடவைகள் அதிகமென்றால், டேப் சும்மா நிற்கிறது, டேட்டா வந்து சேரவில்லை. காலி பஃபருக்காகக் காத்திருந்ததே அதிகமென்றால் எழுதும் பக்கம் தாமதம். பஃபரைத் தொடுவதில் அப்போதுதான் பயன்.

எல்டிஓ-5 சுருக்காமலே வினாடிக்கு 140 எம்பி எழுதும். ஒரு ஜிகாபிட் கேபிள் நன்றாக ஓடினாலும் 110 சொச்சம்தான் தரும். செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) ஸ்கேன் மாதிரி லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் இருந்தால் அதுவும் கிடைக்காது. வரத்து ரொம்பக் குறைந்தால் டேப் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடும். நேரமும் போகும், டேப்பும் தேயும். முதலில் டிஸ்கில் இறக்கி, அங்கிருந்து டேப்புக்கு அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் எவ்வளவு மெமரி போகும்? (பண்டாரவளை)

பஃபர் அளவு × எண்ணிக்கை × டேப் டிரைவ் × ஒரு டிரைவில் ஒரே நேரத்தில் கலந்து எழுதும் பேக்கப் ஜாப்கள். 256 கேபி, 64 பஃபர், 2 டிரைவ், 4 ஜாப் என்றால் 128 எம்பி. பஃபர் அளவை மாற்றிய அன்றே ஒரு பழைய டேப்பையும் புது டேப்பையும் ரீஸ்டோர் செய்து, இரண்டும் படிக்கிறதா என்று பாருங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

64 ஜிபி மெமரி உள்ள லினக்ஸ் சேர்வர். டர்ட்டி ரேஷியோவை (டிஸ்கில் எழுதாத டேட்டா மெமரியில் எத்தனை சதவீதம் வரை தேங்கலாம் என்ற வரம்பு) 20இலிருந்து 60 ஆக்கினேன், காப்பி பறக்கிறது. அப்படியே விடலாமா? (தலவாக்கலை)

வேண்டாம். பறப்பது மெமரிக்குள், டிஸ்குக்கு அல்ல. 30 ஜிபி மெமரியில் தேங்கியிருந்தால், வினாடிக்கு 150 எம்பி எழுதும் டிஸ்கில் இறங்கவே 200 வினாடி வேண்டும். நம் பக்கம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பின்னேர இடிமழைக்குக் கரண்ட் போவது தெரிந்த கதை. பழைய யூபிஎஸ் மூன்று நிமிடம் தாங்குமா? நான் ஒருமுறை ஏமாந்தேன்: ஜாப் 'முடிந்தது' என்றது, காலையில் பார்த்தால் ஃபைல் பாதிதான்.

சதவீதத்தை விட்டுவிட்டு டர்ட்டி பைட்ஸை (அதே வரம்பு, பைட் கணக்கில்) 1 ஜிபி, பின்னணியில் டிஸ்குக்கு எழுதத் தொடங்கும் அளவை 256 எம்பி என்று வைத்துப் பாருங்கள். பைட்ஸில் கொடுத்ததும் ரேஷியோ 0 என்று காட்டும், பயப்பட வேண்டாம்.

பதுளையிலிருந்து கொழும்புக்கு 20 மெகாபிட் லைன். டிசிபி பஃபரை (நெட்வொர்க்கில் போய்வரும் டேட்டாவுக்கான பஃபர்) ஏற்றவா?

தேவையே இல்லை. போய்வர 20 மில்லிசெக்கன் என்று வைத்தாலும் 50 கேபி போதும். லினக்ஸ் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்த லைனில் மணிக்கு 9 ஜிபிதான் போகும். அதனால் முதல் முழு பேக்கப்பை ஒரு டிஸ்கில் போட்டு, தெரிந்த ஆள் யாராவது ரயிலில் போகும்போது கொடுத்துவிடுங்கள். அப்புறம் மாற்றங்கள் மட்டும் லைனில் போகட்டும். டிஸ்கை என்கிரிப்ட் செய்யாமல் மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.