சிறுவர் இல்லத்தில் 'முழுமையான பராமரிப்பு' என்றால் என்ன?

"அப்பா இறந்துபோன என் அக்கா மகனை ஒரு கிறிஸ்தவ சிறுவர் இல்லத்தில் சேர்க்க யோசிக்கிறோம். முழுமையான பராமரிப்பு என்கிறார்கள். சோறு, படிப்பு, ஜெபம் தவிர அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் இல்லத்தில் 6 வருடம் வார்டனாக இருந்தேன். 40 பையன்கள். சாப்பாட்டு அறைச் சுவரில் லூக்கா 2:52 எழுதியிருக்கும்: "இயேசுவானவர் ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அதிகமாய் விருத்தியடைந்தார்." முழுமையான பராமரிப்பு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் காட்டுகிற வசனம் இது. அறிவு, உடம்பு, பக்தி, நாலு பேரோடு பழகுவது எல்லாம் சேர்ந்து வளர வேண்டும். ஆனால் ஓர் இல்லத்தில் அது நடக்கிறதா இல்லையா என்பது ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் தெரியும்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். அவன் படுக்கை எப்போதும் சுத்தமாக இருக்கும், ஆனால் பக்கத்தில் போனால் வாடை அடிக்கும். ஒருநாள் அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். நனைந்த போர்வை நாலாக மடித்து அடியில் கிடந்தது. மேலே இருந்த தமிழ்ப் புத்தகம் ஈரம் ஏறி உப்பியிருந்தது. "அண்ணே, நானே துவைச்சிருதேன், அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றான். பீடி சுற்றிப் பிழைக்கிற அம்மா. திருப்பி அனுப்பிவிட்டால் அவளுக்குப் பாரமாகிவிடுவோம் என்று எட்டு வயதில் பயந்திருக்கிறான்.

அதுவரை எங்கள் இல்லத்தில், படுக்கையை நனைத்தவன் பாயைத் தலையில் வைத்து வராந்தாவில் நிற்க வேண்டும். நானும் நிறுத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. அன்றோடு அந்த வழக்கத்தை விட்டோம். டாக்டரிடம் காட்டினோம், நோய் ஒன்றும் இல்லை. தினமும் ராத்திரி பத்தரை மணிக்கு எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன். யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளத் திறந்த அலமாரியில் மாற்றுப் போர்வைகள் வைத்தோம். சனிக்கிழமை சனிக்கிழமை அம்மாவோடு போனில் பேச வைத்தோம். உடனே நிற்கவில்லை, ஐந்தாம் வகுப்புக்கு வரும்போதுதான் நின்றது.

எங்கள் மாவட்டத்திலேயே டோனாவூரில், அயர்லாந்திலிருந்து வந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் பிள்ளைகளை வளர்த்தார், 1918 முதல் பையன்களையும். அங்கே பிள்ளை வந்து சேர்ந்த நாளையே பிறந்த நாள் மாதிரிக் கொண்டாடினார்கள். நாங்களும் அதை எடுத்துக்கொண்டோம். அன்றைக்கு என்ன குழம்பு என்று அந்தப் பையன்தான் சொல்ல வேண்டும். போர்வையை ஒளித்த பையன் கேட்டது கருவாட்டுக் குழம்பு, அம்மா வைக்கிற மாதிரி.

ஜெபம் பற்றி என் கருத்து: உட்காரட்டும், பாடட்டும், ஆனால் கட்டாயம் கூடாது. வசனம் ஒப்பிக்காதவனுக்குத் தண்டனை என்றால் அந்த இல்லம் வேண்டாம்.

சரி, நீங்கள் போய்ப் பார்க்கும்போது படுக்கிற அறையைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு பிள்ளை அழுதால் யார் எழுந்து வருவார்கள் என்று கேளுங்கள். ஒருவனுக்குச் சொறி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும் என்பது விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவு செய்திருக்க வேண்டும், பிள்ளை குழந்தைகள் நலக் குழு வழியாக வர வேண்டும், அடிப்பது குற்றம். 18 வயதுக்குப் பிறகு எங்கே போவான் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. அக்கா இருக்கிறார் அல்லவா? பிள்ளை வீட்டிலேயே வளர மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். இல்லத்துக்குப் போகும் முன் அங்கே ஒரு தடவை போய்வாருங்கள்.